மழை நாளுக்கு எடுத்து வைத்த பாட்டில்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் நாலு பேர். பம்பு மோட்டார் ஓட்டுபவர் ஒருவர். கேட்டில் உட்காரும் வாட்ச்மேன் பெரியவர் ஒருவர். தோளில் கம்ப்யூட்டர் பையோடு வந்த ஒரு பெண். நாலாவது நான்.

இடம், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கும் அயனம்பாக்கத்துக்கும் நடுவில் இருக்கும் கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷன். போன வருஷம் கார்த்திகை மாசம். ஒரு வெள்ளிக்கிழமை காலை. அந்த வாரம் முழுக்க மழை.

நான் எட்டாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

சுத்துப்பட்டு வீடு, ஹாஸ்டல், கம்பெனி எல்லாவற்றின் சாக்கடையும் எங்கள் கிணற்றுக்கு வந்து சேரும். மோட்டார் அதை அடுத்த இடத்துக்குத் தள்ளும். நான் சல்லடையில் சிக்கும் குப்பையை வாருவேன். ஒன்றரை வருஷமாக இன்னொரு வேலையும் சேர்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் காலை ஏழு மணிக்குக் கிணற்றில் வாளி இறக்கி, ஒரு பாட்டில் சாக்கடைத் தண்ணீர் பிடிக்க வேண்டும். பாட்டிலை பிளீச்சிங் தண்ணீரில் துடைத்து, தேதியும் நேரமும் எழுதி ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். பைக்கில் ஆள் வந்து லேபுக்கு எடுத்துப் போவார்.

எதற்கு என்று முதலில் புரியவில்லை. பிறகு சொன்னார்கள். நெஞ்சைப் பிடிக்கும் காய்ச்சல் ஒரு பக்கம் பரவினால், ஆஸ்பத்திரிக்கு ஆள் வருவதற்கு முன்னாலேயே அந்தக் கிருமி சாக்கடையில் தெரிந்துவிடுமாம். மூச்சு நோயைக் கக்கூஸில் தேடுகிறார்கள் என்று மோட்டார்காரர் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

மழை நாளில் வாளி இறக்க எனக்குப் பயம். மூடி கனம். படி வழுக்கும். தண்ணீர் மேல்வரை ஏறி நிற்கும். வாயு முகத்தில் அடிக்கும். அதனால் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். மழை இல்லாத செவ்வாய் ரெண்டு பாட்டில் பிடிப்பேன். ஒன்றை அனுப்புவேன். இன்னொன்றை ஸ்டேஷன் பிரிட்ஜில் உள்ளே தள்ளி வைப்பேன். அடுத்த செவ்வாய் மழை என்றால், அதை எடுத்துப் புதுத் தேதி ஒட்டி அனுப்பிவிடுவேன். சாக்கடை சாக்கடைதானே, ஒரு வாரத்தில் என்ன மாறிவிடும் என்று நினைத்தேன்.

அந்த வாரமும் அப்படித்தான் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயசிருக்கும். டேட்டா சயின்டிஸ்ட் என்றார். லேப் சொல்லும் எண்களை வைத்துக் காய்ச்சல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கணக்குப் போடும் வேலையாம். நான் மேடம் என்று கூப்பிட்டேன்.

வாட்ச்மேன் பெரியவர் சும்மா இருக்கவில்லை. "இன்னாமா, சாக்கடைக்கு ஜாதகம் பாக்க வந்துகீறியா?" என்றார்.

"ஆமா ஐயா. உங்க கிணத்துக்குத்தான் கட்டம் சரியில்ல" என்றார் மேடம்.

எல்லாரும் சிரித்தோம். அவர் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார். நிறைய கோடுகள். எல்லாம் மலை ஏறுவது போல ஏறின. ஒரு கோடு மட்டும் படுத்திருந்தது. அது எங்களுடையது.

"கொரட்டூர் பக்கம், திருவேற்காடு பக்கம், சுத்தி எல்லா இடத்துலயும் ஏறுதுண்ணா. இங்க மட்டும் போன வாரம் எவ்வளவோ அவ்வளவே இருக்கு. நேர்ல பாத்தா புரியும்னு வந்தேன்."

அனுப்பிய பழைய பாட்டில் நினைவுக்கு வந்தது. ஆனால் வாய் தானாகப் பேசியது. மழைத் தண்ணீர் உள்ளே பூந்துவிட்டது மேடம், அதனால் நீர்த்துப் போயிருக்கும் என்றேன்.

அவர் அதைக் கம்ப்யூட்டரில் தட்டி எழுதிக்கொண்டார். "நேத்துலேருந்து மண்டைய ஒடைச்சிட்டிருந்தேன். நீங்க ஒரு நிமிஷத்துல சொல்லிட்டீங்க" என்று நன்றி சொன்னார். போன் நம்பர் கொடுத்தார். வித்தியாசமாக எதாவது பட்டால் கூப்பிடச் சொன்னார். காய்ச்சல் பார்க்கும் டாக்டர் வேன் ரெண்டுதான் இருக்கிறதாம். கோடு ஏறும் இடத்துக்கு முதலில் போகும், எங்கள் பக்கம் அடுத்த வாரம்தான் வரும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் போனதும் மோட்டார்காரர் என் முதுகில் தட்டினார். "மாமே, சூப்பரா அடிச்சு உட்ட."

அன்று சாயந்திரம் என் மனைவி வேலை முடிந்து வந்தாள். எஸ்டேட் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் அவள் சமையல் செய்கிறாள். எண்பது பெண்கள். வந்ததும் பாத்திரப் பையை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இன்னிக்கி அரை அண்டா சோறு அப்டியே கீது. பொண்ணுங்க துன்னவே வர்ல. கஞ்சி குடு, சுடுதண்ணி குடுன்னு கேக்குதுங்கோ."

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"நேத்து கொஞ்சம். இன்னிக்கி ஜாஸ்தி. ஏன், நீ வந்து துன்னப் போறியா?"

அந்த ஹாஸ்டல் சாக்கடை எங்கள் கிணற்றுக்குத்தான் வருகிறது. கையில் டீ டம்ளர் இருந்தது. கீழே வைத்துவிட்டேன்.

என் மனைவிக்குச் சின்ன வயசிலிருந்தே வீசிங் உண்டு. பனி விழுந்தாலே வாயில் அடிக்கும் மருந்து வேண்டும். அவள்தான் அந்தப் பெண்களுக்கு நடுவில் நின்று கஞ்சி ஊற்றுகிறாள்.

சனிக்கிழமை காலை, இன்றைக்குப் போகாதே என்றேன்.

"எம்பது பேருக்கு நீ வந்து ஆக்கிப் போடுவியா?"

மழையாக இருக்கிறதே என்றேன்.

"மழ பேஞ்சா வவுறு பசிக்காதா?"

காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் பாட்டிலைச் சொல்ல வேண்டும். என் வேலை கான்ட்ராக்ட் வேலை. ஒரு வார்த்தையில் போய்விடும். அவள் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கையில் மேடம் நம்பர் இருந்தது. கூப்பிடவில்லை. சனிக்கிழமை அப்படியே போனது.

ஞாயிறு சாயந்திரம் அவள் இருமிக்கொண்டு வந்தாள். ஹாஸ்டலில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"எண்ணிக்கினா இருந்தேன்? மேல் மாடி மொத்தமும் படுத்துகினு கீது. வெளிய சொல்லாதன்னு வார்டன் அம்மா சொல்லிச்சு. கம்பெனிக்குத் தெரிஞ்சா பொண்ணுங்கள வரவேணான்னுடுவானாம்."

ஆக, மறைத்தது நான் மட்டும் இல்லை. ஆனால் அதில் எனக்கு ஆறுதல் வரவில்லை.

திங்கட்கிழமை விடியும்போது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாள். நெஞ்சுக்குள் கொர்ரென்று சத்தம். நான் எதிரில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அது நின்றுவிடுமோ என்று பயம். நிற்காவிட்டாலும் பயம். அப்படியும் எழுந்து, முகம் கழுவி, வேலைக்குக் கிளம்பிவிட்டாள். நான் தடுத்தேன். கையைத் தள்ளிவிட்டுப் போனாள்.

ஸ்டேஷனுக்குப் போய் மேடத்துக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பிரிட்ஜைச் சொன்னேன். தேதி மாற்றி ஒட்டியதைச் சொன்னேன். மழைத் தண்ணீர் என்று சொன்னது பொய் என்றேன்.

இந்த ஒரு தடவைதானா அண்ணா என்று கேட்டார். ஒரு தடவைதான் மேடம் என்றேன். அதுவும் பொய்.

பிறகு ஹாஸ்டல் சோற்றைச் சொன்னேன். அவர் குரல் மாறிவிட்டது. எத்தனை கிலோ அரிசி போடுவார்கள், எவ்வளவு மிச்சம், எந்த நாளிலிருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"இப்பவே ஒரு பாட்டில் பிடிங்கண்ணா. இன்னைக்குத் தேதி போடுங்க. ஆனா லேப் சொல்ல ரெண்டு நாள் ஆகும், அதுக்கு நான் காத்திருக்க மாட்டேன். இந்தச் சோத்துக் கணக்கே போதும், நான் வேனுக்குப் பேசுறேன்."

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மழை கொட்டியது. மூடியைத் திறந்தேன். தண்ணீர் ஒரு கை ஆழத்தில் கறுப்பாக நின்றது. மோட்டார்காரர் உள்ளேயிருந்து கத்தினார். "இன்னிக்கி இன்னா செவ்வாக்கிழமையா? மழைல ஏன்யா சாவற?" வாளியை இறக்கினேன். பிடித்தேன். துடைத்தேன். உண்மையான தேதியை எழுதினேன்.

அங்கிருந்து சைக்கிளில் ஹாஸ்டலுக்குப் போனேன். பத்தரை மணிக்கு வேன் வந்தது. வார்டன் கேட்டிலேயே நின்று இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் மேலேயிருந்து இருமல் கேட்டது. ஒரு அறையில் தொடங்கி அடுத்த அறைக்குப் போனது. டாக்டர் அம்மா வார்டனைப் பார்த்தார். வார்டன் வழிவிட்டார்.

நான் மாடிப்படி அடியில் நின்றேன். படியில் ஒரு பெண் போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயசிருக்கும். நர்ஸ் போகிற போக்கில் அவள் விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கிளிப் மாட்டினார். எண்பத்து நாலு காட்டியது. வேறு விரலில் மாட்டினார். அதே எண்பத்து நாலு. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். "லேசா அசதியா இருக்குக்கா, வேற ஒண்ணுமில்ல" என்றாள் அந்தப் பெண். அப்போதுதான் அவள் உதட்டைக் கவனித்தேன். நாவல் பழம் தின்றது போல இருந்தது.

பிறகு சமையல் கட்டு. என் மனைவி கரண்டியோடு நின்றாள்.

"எனக்கு ஒண்ணியும் இல்ல. கொழம்பு அடுப்புல கீது, தள்ளும்மா."

நர்ஸ் அவள் விரலைப் பிடித்து மாட்டினார். எண்பத்தேழு. நர்ஸே அடுப்பை அணைத்தார்.

ஆம்புலன்ஸில் அவளையும் அந்தப் பெண்ணையும் ஏற்றினார்கள். நான் கால்மாட்டில் உட்கார்ந்தேன். எஸ்டேட் ரோட்டில் தண்ணீர் தேங்கி, வண்டிகள் நகரவில்லை. சைரன் அடித்தும் வழி கிடைக்கவில்லை. அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்தேன். அது ஏறாமல் நின்ற ஒவ்வொரு நொடியும் நானும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைப் பார்த்து, ஏன் இவ்வளவு லேட் என்றார்.

மூன்றாம் நாள் சாப்பிடுவதற்காக என் மனைவியின் ஆக்ஸிஜன் மாஸ்கைக் கழற்றினார்கள். அப்போது பாட்டில் விஷயத்தை அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இட்லியை மென்றாள்.

"ஊரு கயுவி ஊத்தறத அள்ளிக் குடுக்கற வேல. அதுலியுமாய்யா கள்ளத்தனம்?"

அவ்வளவுதான் சொன்னாள். மாஸ்கைத் தானே மாட்டிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த ஹாஸ்டல் பெண் ஐ.சி.யூ.வில் இருந்தாள். அவள் அப்பா அம்மா தெற்கே எங்கிருந்தோ பஸ் பிடித்து வந்தார்கள். வேனை வரவழைத்தது நான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ரெண்டு பேரும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். என் புள்ளைக்கு நீங்கதான் சாமி என்றார் அந்த அம்மா. ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மறுக்கத் தைரியமும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கமானவர் என்று நினைத்திருப்பார்கள்.

ரெண்டு பேரும் பிழைத்தார்கள். அந்தப் பெண் ஊருக்குப் போய்விட்டாள். என் மனைவி ரெண்டு மாசம் கழித்துத் திரும்பவும் கரண்டி பிடித்தாள். என்னைக் கான்ட்ராக்டர் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்து, பிறகு கூப்பிட்டார். இப்போதும் செவ்வாய்க்கிழமை நான்தான் வாளி இறக்குகிறேன். மழையிலும் இறக்குகிறேன். பயம் அப்படியேதான் இருக்கிறது.

மேடம் ஆஸ்பத்திரிக்கு வந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன். அது ஐந்தாம் நாள். என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். எது பொய் என்று தெரிந்தால் அதை மட்டும் எடுத்துவிடலாம், தெரியாவிட்டால் ஒன்றரை வருஷக் கணக்கையும் குப்பையில் போட வேண்டும் என்றார். "மொத்தம் எத்தனை பாட்டில்ணா? இந்தத் தடவை நிஜமாச் சொல்லுங்க."

கண்ணை மூடி, மழை பெய்த செவ்வாய்க்கிழமைகளை ஒவ்வொன்றாக நினைத்தேன். ரொம்ப நேரம் ஆனது. அவர் காத்திருந்தார். அந்த வாரங்களில் எந்த வீட்டில் யார் மூச்சு வாங்கினார்கள், யாருக்கு வேன் வராமல் போனது என்று இனி அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது; அந்தத் தெரியாததுதான் இன்றுவரை என்னோடு இருக்கிறது. விரல் விட்டு எண்ணினேன். விரல் பத்தவில்லை.

பதினொன்று.