எறும்பு விட்ட பால்

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் நான் அறிவியல் வாத்தியார். எதையும் செய்துபார்த்துத்தான் நம்ப வேண்டும் என்று வகுப்பில் வாய்கிழியப் பேசுவேன். அந்த லட்சணத்தில் நான் செய்துபார்த்த ஒன்றைத்தான் எழுதுகிறேன்.

மனைவிக்குத் தாயார் இல்லை. எங்கள் மகள் பிறந்தபோது பிள்ளைப்பேறு பார்க்கக் கரிவலத்திலிருந்து அவளுடைய அக்கா வந்திருந்தார். எனக்கு மதினி, நாலு பெற்றவர். சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே கொட்டச் சொன்னதும், மூன்று நாள் குழந்தைக்குச் சீனித்தண்ணீர் கொடுத்ததும் அவர்தான். ஊரில் எல்லோரும் செய்வதுதானே என்று நானும் வாய் திறக்கவில்லை. நாலாம் நாள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கியதும் குழந்தை வீறிட்டு அழுதது. வயிற்றால் பச்சை பச்சையாகப் போனது. கூடவே மனைவியும் அழுதாள்.

"பால்லதான் கோளாறு போல. எறும்பு விட்டுப் பாத்துருவோம்" என்றார் மதினி. தாய்ப்பாலில் விட்ட எறும்பு பிழைத்தால் நல்ல பால், செத்தால் விஷப்பால் என்பது கணக்கு.

"இன்னும் ரெண்டு நா குடுத்துப் பாப்பமே" என்றாள் மனைவி. மதினியிடம் அல்ல, என்னிடம்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு மதினியின் யோசனை பிடித்திருந்தது. அத்தனை அழுகைக்கும் நடுவில் அது ஒன்றுதான் சோதனை மாதிரி இருந்தது. அடுப்படிச் சுவரோரம் போன கட்டெறும்பை நானே பிடித்தேன். குழந்தைக்குப் புகட்டும் பாலாடையில் அவள் பீய்ச்சித் தந்த பாலில் விட்டேன். கடிகாரம் வேறு பார்த்தேன். காலை உதறியது, ஒரு சுற்றுச் சுற்றியது, அடங்கிவிட்டது. மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்துட்டு" என்றேன்.

பால் வற்றுவதற்கு மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள். அதையும் வாங்கப் போனவன் நான்தான். "என்ன அண்ணாச்சி, வீட்டுல விசேசமா? ரெண்டு முழம் கூடவே தாரேன்" என்று பூக்காரி சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். மதினி பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு, காய்ச்சல் கண்டு, மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குழந்தைக்குப் புட்டியில் டப்பாப்பால்.

பத்து நாள் கழித்து, மீதம் வைத்திருந்த டப்பாப்பாலில் ஒரு எறும்பு செத்து மிதந்தது. பிறகு பசும்பாலில் ஒன்றைப் பிடித்து விட்டேன். செத்தது. வெறும் தண்ணீரில் விட்டேன். அதுவும் செத்தது. ஒப்பிட்டுப் பார்க்காத சோதனை சோதனையே இல்லை என்று எட்டாம் வகுப்புக்கு நான் நடத்திய பாடம்தான்.

ஓடிப்போய் மனைவியிடம் சொன்னேன். அவள் மார்புக்கட்டை அவிழ்த்துக் குழந்தையை மாரோடு சேர்த்தாள். ரப்பருக்குப் பழகிவிட்ட வாய், ஒருமுறை சப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அலறியது. ஒரு வாரம் விடாமல் முயன்றாள். பால் திரும்பவேயில்லை. மகள் சவலைப்பிள்ளையாகத்தான் வளர்ந்தாள். மனைவி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மூன்று வருஷம் கழித்து மகன் பிறந்தான். இந்தத் தடவை அக்கா வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு மனைவி ஆஸ்பத்திரியில் பெற்றாள். தகவல் தெரிந்து பள்ளிக்கூடத்திலிருந்து ஓடினேன். கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். விலக்கப் போனேன்.

"அங்கனயே நில்லுங்க" என்றாள் உள்ளிருந்து. "புள்ள பால் குடிக்கி."