ராகலை தேயிலைச் செடியும் எங்க "பொது" போல்டரும்

அலுமாரிய தெறந்தா முகத்துல சூடா ஒரு காத்து அடிக்கும்... கூடவே பிளாஸ்டிக் வாசம்.

கந்தப்பளை பக்கம் பனி எறங்கினா எல்லாத்துலயும் பூஞ்சணம் பிடிக்கும். காலுக்கு போடுற சப்பாத்துல, புத்தகத்துல, சீடியில கூட! அதனால எங்க ஆபீஸ்ல சீடி வைக்கிற அலுமாரிக்குள்ள ஒரு குண்டு பல்ப் எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். காலையில வந்ததும் வெறைச்ச கைய அதுக்குள்ள விட்டு சூடு பண்ணிட்டுதான் நான் கம்ப்யூட்டர தொடுவேன்.

ரெண்டாயிரத்து சில்லறை வருஷம். பூண்டுலோயா தேயிலை தோட்டத்து லயத்து வீட்டுல இருந்து கேம்பஸ் போய் முடிச்சு, எனக்கு கெடைச்ச முதல் வேலை. தேயிலை செடிகள பத்தி ஆராய்ச்சி பண்ற ஒரு சின்ன லேப். செடியோட டிஎன்ஏவ கொழும்புல வாசிச்சு சீடியில அனுப்புவாங்க. தெறந்தா ஏ, சி, ஜி, டின்னு நாலே எழுத்து, பக்கம் பக்கமா... அத அலசி, இது எந்த ரகம்னு சொல்றதுதான் எங்க வேலை.

மூணு பேர். யாழ்ப்பாணத்துல இருந்து வந்த குகன் சேர், கண்டியில இருந்து வந்த சிங்கள அக்கா நிலூகா, அப்புறம் நான்.

இதுல வேடிக்கை என்னன்னா... மூணு பேரும் ஆளுக்கொரு புரோகிராம் எழுதி வச்சிருந்தோம். மொதல்ல எழுத்துகள்ல பிழையா வாசிச்ச குப்பைய வெட்டணும், அப்புறம் தெரிஞ்ச ரகங்களோட ஒப்பிடணும், கடைசியில ரிசல்ட் அடிக்கணும். எல்லாருக்கும் அதே வேலைதான்! ஆனா பக்கத்து மேசையில என்ன இருக்குன்னு யாரும் எட்டிக்கூட பார்த்ததில்ல.

மாட்டிக்கிட்டது ராகலை செடியில.

ராகலை பக்கம் ஒரு தோட்டத்துல கொப்புள நோய் அண்டாத செடி ஒண்ணு இருந்திச்சு. ஏற்கனவே பேர் எடுத்த ஒரு நல்ல ரகம்தான் இதுன்னு நாங்க சொன்னா, அதுல இருந்து கிளை வெட்டி நர்சரி முழுக்க போடலாம்னு தோட்டத்து மேனேஜர் தொரை காத்துக்கிட்டு இருந்தாரு. ஆனா குகன் சேர் "அந்த ரகம் இல்லை"ன்னாரு. நிலூகா அக்கா "அதேதான்"ன்னாங்க.

எங்க லேப் டிரெக்டர் ரெண்டு ரிசல்ட் பேப்பரையும் மேசையில போட்டாரு. "ஒரே செடி, ஒரே சீடி... ரெண்டு பதிலா? நாளைக்கு தொரை வர்றாரு. எனக்கு ஒரு பதில் வேணும்."

சேரும் அக்காவும் ஒருத்தரோட ஒருத்தர் பேசுறத நிறுத்திட்டாங்க. தமிழும் சிங்களமும் தெரிஞ்ச பாவத்துக்கு நான் நடுவுல.

"சேர், ரெண்டையும் துண்டு துண்டா பிரிச்சு, உங்க துண்ட அக்காவோடதுல மாட்டி பார்ப்போமா?"

"என்ர புரோகிராமை ஏன் பிள்ளை பிரிக்கோணும்? அது முழுசா ஓடுது தானே."

"ஓடுது சேர். ஆனா எந்த எடத்துல பிழைக்குதுன்னு தெரியலையே..."

சேர் கண்ணாடிய தொடைச்சு மாட்டிக்கிட்டாரு. "சரி, செய்து பாரும்."

பிரிச்சா... ஒண்ணோட ஒண்ணு பொருந்தல. சேரோட துண்டு விவரங்களுக்கு நடுவுல கமா போட்டு குடுக்குது, அக்காவோடது கமாவுக்கு பதிலா டேப் இடைவெளி கேக்குது. மத்தியானம் வரைக்கும் அதுலயே போச்சு. கடைசியா மூணு பேரும் ஒக்காந்து, ஒவ்வொரு துண்டுக்கும் உள்ள என்ன வரணும், வெளிய எப்படி போகணும்னு ஒரு முடிவுக்கு வந்தோம்.

மாத்தி மாத்தி ஓட்டினதும் விஷயம் புரிஞ்சிச்சு. சேர் குப்பையோட நல்ல எழுத்தையும் சேர்த்து வெட்டிட்டாரு. ரகத்த காட்டிக்குடுக்கிற எழுத்தும் அதோட போயிருச்சு. அக்கா அளவா வெட்டியிருந்தாங்க. ஆனா ஒப்பிடுறதுல அவங்களோடது மேலோட்டம், ரெண்டு மூணு ரகத்துக்கு ஒரே பேர் சொல்லும். அவங்க பதில் சரியா வந்ததே அதிர்ஷ்டம்தான். சேரோடது அந்த வேலையில கில்லாடி.

அக்கா துண்டு வெட்ட, சேர் துண்டு ஒப்பிட... பதில் பளிச்சுன்னு வந்திச்சு. நல்ல ரகமேதான்!

"சேர்கே கேல்ல நியமய்!"ன்னு அக்கா கத்தினாங்க. சேரோட துண்டு பிரமாதம்னு அர்த்தம்.

சேர் சிரிச்சத அன்னிக்குதான் மொதல்ல பார்த்தேன். "உம்மட வெட்டும் அந்த மாதிரி"ன்னாரு. அக்கா முழிச்சாங்க... யாழ்ப்பாணத்துல "அந்த மாதிரி"ன்னா சூப்பர்னு நான் விளக்க வேண்டியதா போச்சு.

மறுநாள் தொரை சந்தோஷமா பேப்பர வாங்கிட்டு போனாரு. அந்த வாரமே ராகலையில இருந்து தொரை அனுப்பின ஒரு மூடை லீக்ஸ் மரக்கறி வந்து எறங்குச்சு!

அதுக்கப்புறம் துண்டுகள எல்லாம் ஒரே போல்டர்ல போட்டோம். பேரு "பொது". சிங்களத்துலயும் பொதுன்னா பொதுதான்... அதனால பேர் வைக்கிறதுல சண்டையே வரல. வறட்சி தாங்குற செடி தேடுறது என் வேலை. அதுக்கு நான் வெட்டுற பகுதிய எழுதவே இல்ல, அக்காவோடத எடுத்துக்கிட்டேன். இழுத்துக்கிட்டு கெடந்த வேலை சட்டுனு முடிஞ்சிச்சு.

ஒரே பிரச்சினை... ஒருத்தர் ஒரு துண்ட மாத்தினா மத்தவங்களோடது படுத்துரும். அதனால மாத்தினவங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லணும்னு சட்டம் போட்டோம். தகரக் கூரையில மழை கொட்டும். சேர் வெராந்தாவுல நின்னு கத்துவாரு...

"நான் பொதுவில கை வைச்சிட்டன்!"

டீ போடுற மாரியாயி அக்கா பயந்துபோய் எங்கிட்ட ஓடி வந்தாங்க. "ஏம்மா, குகன் ஐயா பொதுச் சொத்துல என்னத்த எடுத்துட்டாரு? வேலை போயிருமா?"

நாங்க சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள டீ ஆறிப்போச்சு.

இப்போ சேர் ரிட்டயர் ஆகி ஊரோட. அக்கா மெல்போர்ன்ல. நான் கண்டியில, இன்னும் அதே மாதிரி வேலைதான். அந்த துண்டுகளுக்கு இப்போ மொடியூல்னு பேரு. ஒரு வரி டைப் பண்ணா உலகத்துல எங்கயோ ஒருத்தர் எழுதினது, வெர்ஷன் நம்பரோட, டெஸ்ட் எல்லாம் பண்ணி வந்து எறங்குது. துண்டுகள வரிசையா கோத்த நம்ம பைப்லைன்ல மாட்டினா ஓடுது. குறையே சொல்ல முடியாது...

ஆனா அப்போ புரோகிராம பார்த்தாலே எழுதினவங்க முகம் தெரியும். இது அக்கா பசியில எழுதினது, இது சேர் கோவத்துல எழுதினதுன்னு வரி வரியா சொல்லுவேன். இப்போ வெறும் ஒரு பேரு, பக்கத்துல முகத்துக்கு பதிலா ஒரு பூனை படம். யாரோ, எவரோ...

அந்த பேருக்கும் மனசுக்குள்ள ஒரு தேங்க்ஸ் சொல்லிட்டுதான் என்டர தட்டுறேன்.