ஒன்பதாவது விதி

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பகடைகளை உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலம், சமையலறையில். பல் செட்டுக்கான அக்ரிலிக்கில் அவளே வார்த்தவை. ஈறின் நிறம், ஒவ்வொன்றுக்கும் இருபது முகம். தண்ணீரில் சுண்டிவிட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு எண் மேலே வர வேண்டும். ஆறு பகடைகளில் ஒன்று மட்டும் எப்படிச் சுண்டினாலும் பதினேழையே காட்டியது. உள்ளே எங்கோ காற்றுக்குமிழி. பதினேழு நல்ல எண்தானே, வைத்துக்கொள்ளலாம் என்றேன். அம்மா அதைக் குறடால் நொறுக்கிக் குப்பையில் போட்டாள்.

ஞாயிறு காலை அவள் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு.

முப்பத்தொரு வருஷம் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்த்தாள். அந்த வேலை நன்றாக இருந்தால் யார் கண்ணிலும் படாது. அவள் பிறர் கண்ணில் பட்டது சனிக்கிழமைகளில்தான். விளையாட்டுச் சாமான் கடையின் பின்னறையில், ஐந்து பேர் உட்காரும் மேசையில், கதை நடத்துவாள். ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், வைத்தியன், திருடன். என்ன செய்யப்போகிறோம் என்று ஆடுபவர் சொல்வார். அது நடந்ததா என்று பகடை சொல்லும். இதற்கு முந்நூறு பக்கத்தில் அதிகாரபூர்வமான விதிப்புத்தகம் உண்டு. அம்மாவிடம் அவளே எழுதிய நாற்பது பக்க நோட்டும் இருந்தது.

வாக்குவாதமெல்லாம் அந்த நோட்டின் ஒன்பதாவது விதியைப் பற்றித்தான். புத்தகத்தின்படி, அடிபட்டு விழுந்தவர் தனியே பகடை உருட்ட வேண்டும். மூன்று முறை தவறினால் பாத்திரம் செத்தது. அம்மாவின் விதிப்படி, பக்கத்தில் இருப்பவர் அவரைத் தூக்கிக்கொள்ளலாம். விழுந்தவர் பிழைப்பார். தூக்கியவருக்குப் பலத்தில் ஒரு புள்ளி குறையும், திரும்பக் கிடைக்காது.

இதற்கு எதிர்க்கட்சி, மேசையில் ஆடுபவர்களில் ஒருவர், பேருந்துகளில் டிக்கெட் பரிசோதிக்கும் செக்கர். புத்தகம் எப்போதும் பையில் இருக்கும். பக்க எண்ணோடுதான் பேசுவார்.

"இங்க யாரும் வித்தவுட்ல வரலை, தம்பி. உக்காருங்க" என்பாள் அம்மா.

போன வருஷம் கடைக்காரர் ஒரு செய்தியோடு வந்தார். புத்தகம் போடும் நிறுவனம் கடையைத் தன் அங்கீகாரம் பெற்ற இடங்களின் பட்டியலில் சேர்க்கிறது. இனிமேல் பின்னறையில் புத்தக விதி மட்டும். அம்மா விடவில்லை. ஒன்பதாவது விதியால் ஆட்டம் கெடாது என்று நிரூபித்தால், நிறுவனத்திடம் பேசிப் பார்ப்பதாகக் கடைசியில் ஒத்துக்கொண்டார்.

அம்மா என்னிடம் வந்தாள். பம்புகள் எப்போது பழுதாகும் என்று கணக்குப் போடுவது என் தொழில். இரண்டு விதிகளிலும் தலா பத்தாயிரம் சண்டைகளைக் கணினியில் ஓட்டினேன். புத்தக விதியில், நூற்றுக்குப் பதினெட்டுச் சண்டைகளில் குழு முழுவதும் அழிந்தது. அம்மாவின் விதியில் இருபத்தாறு. தூக்கித் தூக்கிப் பலம் குறைந்து, கடைசியில் எல்லோருமே விழுந்தார்கள்.

அம்மாவின் விதியை ஓட்டும்போது மட்டும் எதிரியின் பலத்தைக் கொஞ்சம் இறக்கினால் இரண்டும் சமமாகிவிடும். யாருக்கும் தெரியாது. என் கை விசைப்பலகை மேல் தயங்கியதை அம்மா பார்த்துவிட்டாள்.

"கை வைக்காதடி. அப்படியே பிரிண்ட் எடு."

சனிக்கிழமை, கடைக்காரரையும் நிற்கவைத்து, அந்தத் தாளை அவளே வாசித்தாள்.

"என் பொண்ணு போட்ட கணக்கு. தப்பா இருக்காது. நூத்துக்கு எட்டு சண்டை அதிகமா எல்லாரும் சேர்ந்து சாகறோம், விழுந்தவரை விட்டுட்டு ஓடாததால. எனக்குச் சம்மதம். உங்களுக்கு?"

செக்கர் தாளை வாங்கி, டிக்கெட்டைப் பார்ப்பதுபோல் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"என்னை இதுவரைக்கும் ஏழு தடவை தூக்கியிருக்காங்கக்கா. எட்டாவது தடவையும் தூக்குவாங்கன்னா நானும் வர்றேன். ஆனா இது புத்தகத்துல இல்ல. அதை மட்டும் ஒத்துக்குங்க."

அம்மா ஒத்துக்கொண்டாள். மற்றவர்களும் அவளோடு கிளம்பப் பகடைகளைப் பொறுக்கத் தொடங்கினார்கள். கடைக்காரர் பின்னறைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மேசை பல் லேபின் சாப்பாட்டு அறைக்கு இடம் மாறியது. நாற்காலியெல்லாம் பிளாஸ்டர் தூசி. அலமாரி முழுக்க யார் யாருடையவோ பல் அச்சுகள் இளித்துக்கொண்டிருக்கும். பதினான்கு மாதம், ஒரு சனிக்கிழமை தவறவில்லை. நான் நிறைய அறிக்கைகள் எழுதியிருக்கிறேன், நிறையக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். தனக்கு எதிரான முடிவை ஒரு எண்கூட மாற்றாமல் தானே எழுந்து வாசித்தவர் என்று அம்மா ஒருத்தியைத்தான் சொல்ல முடியும்.

அவள் இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு கடைக்காரர் லேபுக்கு வந்திருக்கிறார். செக்கர்தான் எனக்குச் சொன்னார். பின்னறையில் ஆள் குறைந்துகொண்டே போகிறதாம். பாத்திரம் செத்தவர்கள் வீட்டுக்குப் போனால் திரும்பி வருவதில்லையாம். அந்த ஒன்பதாவதை மட்டும் எழுதித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். தருகிறேன், ஆனால் இருபத்தாறையும் பதினெட்டையும் அதற்குக் கீழேயே எழுதித் தருவேன், சேர்த்துத்தான் சுவரில் ஒட்ட வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

எழுதியும் முடித்துவிட்டாள். தாள் அவள் கைப்பையில் இருக்கிறது. திங்கட்கிழமை வேலை முடிந்ததும் கடைக்குப் போய்க் கொடுப்பதாக இருந்தாள்.