கடைசி விண்டோ சொன்ன சொல்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. இது என் கண்ணால் பார்த்தது. அதுவும் ராத்திரியில் இல்லை. பாளையம்பட்டியில் டவுன் பஸ் ஹாரன் கேட்கிற பட்டப்பகலில்.

நானும் பரளச்சி ஊர்க்காரன் விஜயபாண்டியும் கூட்டாளிகள். ஆன்லைன் டியூஷன் நடத்துகிற ஒருவருக்காக, பிரவுசருக்குள் ஓடும் எக்ஸ்டென்ஷன் என்கிற குட்டி புரோகிராம் ஒன்று செய்துகொண்டிருந்தோம். படிக்கிற பிள்ளை பாடம் ஓடுகிற டேப்பை மூடினால் டீச்சருக்கு உடனே செய்தி போக வேண்டும். டேப்பை மூடினால் ஒழுங்காகப் போனது. கடைசி விண்டோவை மூடினால்தான் தொல்லை. பிரவுசரோடு எங்கள் எக்ஸ்டென்ஷனும் செத்துவிடும். செய்தி சொல்ல ஆள் இருக்காது. இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். அந்தக் கடைசிச் செய்தி ஒரு தடவைகூட வரவில்லை.

சோதனைக்காக, அவன் மூடினால் என் திரையில் 'விஜயபாண்டி போறேன்' என்று வரும்படி வைத்திருந்தேன். பார்த்ததும் எகிறினான்.

"ஏலே, கெளம்புறவன் எவனாச்சும் போறேன்னு சொல்லுவானா? கிறுக்குப்பயலே! வாரேன்னு மாத்து."

அன்றைக்கே மாற்றினேன். பழைய சொல் எங்கள் இரண்டு பேர் லேப்டாப்பிலும் இல்லை.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போன் செய்தான்.

"லேப்டாப்ப அமத்திப் பையில போட்டுட்டேன். வண்டிய எடுக்குறேன்லே. ஒன் வீட்டுல ஒக்காந்து இன்னைக்கு முடிச்சிருவோம். வாரேன்."

1:35. டிங்.

'விஜயபாண்டி வாரேன்.'

அவன் டேப் ஒன்று மூடியிருக்கிறது. லேப்டாப் பையில் இருக்க, யார் மூடுவது? வழியில் டீக்கடையில் விரித்துவிட்டானா? போன் அடித்தேன். எடுக்கவில்லை.

டிங். வாரேன்.

டிங். வாரேன்.

அவன் மனைவி அனுசியா கூப்பிட்டாள். "அண்ணே, அவுக வந்துட்டாகளா? போன எடுக்க மாட்டேங்காக."

"வந்துருவாம்மா..."

சத்தியமாகப் பயந்துவிட்டேன்.

ஃபேன் நின்றது. கரண்ட் கட். மோடத்தில் விளக்கு இல்லை. நெட் செத்துவிட்டது. இனி எந்தச் செய்தியும் வர வழியில்லை.

டிங்...

கடைசி விண்டோ மூடிய செய்தி.

'விஜயபாண்டி போறேன்.'

ஆஸ்பத்திரி வாசலில் அனுசியா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசியா ஒங்ககிட்டத்தான பேசுனாக. என்னண்ணே சொன்னாக?"

"வாரேன்னு சொன்னாம்மா."

வேறு என்ன சொல்ல?

போலீஸ்காரர் பையைக் கையில் கொடுத்தார். லேப்டாப் இரண்டு துண்டாகக் கிடந்தது. பையில் ஏறிய லாரி சக்கரம்தான் அவன் மேலும் ஏறியிருக்கிறது. ஆள் அங்கேயே முடிந்துவிட்டானாம்.

அப்போது மணி 1:10 என்றார்.