சாய்ந்து நின்ற புதன்கிழமை

கல்யாணம் புதன்கிழமை. அழைப்புக் கார்டோ வியாழக்கிழமை வரச் சொல்லிற்று.

அடுத்த வீட்டு சுப்பராமய்யரின் பெண்ணுக்கு விவாகம். உறவினருக்குத் தமிழ்ப் பத்திரிகை. மலையாளிகளான ஆபீஸ் நண்பர்களுக்கு இங்கிலீஷ் கார்டு. தமிழில் 'ஆவணி 10' என்று சரியாகவே இருந்தது. இங்கிலீஷில் 'சிங்ஙம் 10' என்று போட்டுவிட்டார் அய்யர். ஆவணிதானே மலையாளத்தில் சிங்ஙம்? ஆம்... ஆனால் இந்த வருஷம் மலையாள மாதம் நமக்கு ஒரு நாள் பிந்திப் பிறந்தது. நமது பத்தாம் தேதி அவர்களுக்கு ஒன்பது. கிழமையாவது போட்டிருக்கலாம். போடவில்லை.

பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து நான் சொன்னபோது, கார்டுகள் கொல்லம் வரை தபாலில் போயிருந்தன.

"ஆபீஸ்ல பாதிப் பேர் வியாழக்கிழமைக்கு லீவு எழுதிக் குடுத்துட்டா ஓய்," என்றார் அய்யர். "திருநெல்வேலி சம்பந்தி வந்து காலிப் பந்தலைப் பார்த்தா என்ன நினைப்பார்?"

திருத்தக் கார்டு ஒன்று அச்சிடுவதென்று பழவங்காடிக் கடைத்தெருவுக்குப் போனோம். அச்சகம் வைத்திருக்கும் முத்தையா பிள்ளை நாகர்கோவில்காரர்.

"மெட்ராஸ்லேருந்து புது எளுத்து வந்திருக்கு சாமி. கார்டு முச்சூடும் இதுலயே அடிச்சிருவோம். லெச்சணமா இருக்கும், கேட்டேளா."

மாதிரியைக் காட்டினார். போல்ட் இடாலிக். கனத்த உடம்பு, வலப்பக்கம் ஒரு சாய்வு, ஒவ்வொரு எழுத்தின் முனையிலும் கூரான சிறு நகம்.

"மாப்பிள்ளை பேரும் பி.ஏ.யும் இதிலேதான் வரணும்," என்றார் அய்யர். "என் பேரும் இருக்கட்டுமே."

"பிரஸ் பேரையும் அடியில போட்டுக்கிடட்டா?"

வேண்டாம் என்றேன். 'புதன்கிழமை' என்ற ஒரு சொல் மட்டும் அந்த எழுத்தில். மற்றதெல்லாம் சாதா எழுத்து.

ஏன் இந்தப் பிடிவாதம்? நிமிர்ந்த கனத்த எழுத்து தண்டோராக்காரன் – ஊருக்கே சொல்வான், யாரும் தனக்கென்று கேட்கமாட்டார்கள். மெலிந்த சாய்வெழுத்து காதோடு சொல்லும். கனத்துச் சாய்ந்த இதுவோ, வழியில் போகிறவனின் மணிக்கட்டைப் பிடித்து, "ஓய், இதைக் கேட்டுவிட்டுப் போம்" என்கிறது. ஒருவர் பிடித்தால் நிற்போம். பத்துப் பேர் பிடித்தால்? உதறிக்கொண்டு ஓடமாட்டோமா?

"ஒரு வார்த்தைக்காகவா சாமி புது எளுத்தை எடுக்கது?" பிள்ளைக்கு மனத்தாங்கல்.

"மாப்பிள்ளை பி.ஏ. ஓய்..." அய்யருக்கும்தான்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். வேறொரு சொல் சாய்ந்தாலும் புரூப் தாளில் 'சரி' போடமாட்டேன் என்றேன். மூன்று முறை புரூப் வந்தது. முதலில் பி.ஏ. சாய்ந்திருந்தது. அடித்தேன். அடுத்ததில் அச்சகத்தின் பெயர் சாய்ந்திருந்தது. அதையும் அடித்தேன். மூன்றாவதில் புதன்கிழமை தனியாகச் சாய்ந்து நின்றது.

சென்ற புதன்கிழமை காலை பந்தல் நிறைந்திருந்தது. கொல்லத்து நண்பர்கள் முகூர்த்தத்துக்கு முன்பே வந்து காப்பி கேட்டார்கள்.

தாலி கட்டி முடிந்ததும், சம்பந்தி திருத்தக் கார்டும் கையுமாக அய்யரிடம் வந்தார். திருநெல்வேலி வக்கீல், குறுக்கு விசாரணை வழக்கம்.

"எம் பிள்ளையோட பி.ஏ. எறும்பாட்டம் கிடக்கு. புதன்கிழமை யானையாட்டம் நிக்கறது. நீர் பொண்ணை யாருக்கு ஓய் குடுத்தீர்? எம் பிள்ளைக்கா, புதன்கிழமைக்கா?"

அய்யர் என்னைப் பார்த்தார். நான் இலை போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்த ஆபீஸைச் சம்பந்திக்குக் காட்டினேன்.

பி.ஏ. வியாழக்கிழமையும் பி.ஏ.தான். முகூர்த்தம் அப்படியா?