யாருமே போகாத ரோடு

சைக்கிளில் ஊர் சுற்றப் போகிறவர்களுக்குப் பின்னால் ஒரு வேன் போகும் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. போன மாதம் அந்த வேனில் உட்கார்ந்து போய்விட்டு வந்திருக்கிறேன்.

எல்லாம் என் பையன் அரவிந்த் செய்த ஏற்பாடு. குர்காவ்னில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அவனுக்கும், கூட வேலை பார்க்கிற மல்ஹோத்ரா என்ற பையனுக்கும் ஒரு வருஷமாகச் சைக்கிள் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் இந்தியா கேட்டைச் சுற்றியாக வேண்டும். எங்கள் வீடு இருக்கிற ஆர்.கே.புரத்திலிருந்து அங்கே சைக்கிளிலேயே போவார்கள் என்று நினைத்தீர்களா? சேச்சே! சைக்கிளைக் கார்மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு போவார்கள். இறக்கி நாலு சுற்று. மறுபடி கார்மேல்.

தலையில் தேங்காய் மூடி மாதிரி ஒரு ஹெல்மெட். கையில் விரல் இல்லாத க்ளவுஸ். முதுகுப் பையிலிருந்து வாய்க்கு ஒரு குழாய் — தண்ணீர் குடிக்கவாம்! அதே நேரத்தில் மோதி பாக் பக்கம் போய்ப் பாருங்கள். ரம்பத்தையும் டிபன் டப்பாவையும் கேரியரில் கட்டிக்கொண்டு தச்சர்கள் வரிசையாக மிதித்துக்கொண்டு போவார்கள். அதற்கு யாரும் சைக்ளிங் என்று பெயர் வைப்பதில்லை. அது பிழைப்பு. இவர்கள் மிதிப்பதுதான் சைக்ளிங்.

டெல்லியில் ஹாரன் சத்தம் தாங்கவில்லையாம். அமைதியான ரோடு வேண்டுமாம். இன்டர்நெட்டில் தேடி, நாகூரிலிருந்து தரங்கம்பாடி வரை கடலை ஒட்டி ஒரு வழியைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்தான் அரவிந்த். மெயின் ரோடே கிடையாது, எல்லாம் உள்ரோடு. கடைசியில் டேனிஷ்காரன் கட்டிய கோட்டை. சரித்திரம், கடல், நிசப்தம்... 'பல இடங்களில் பஸ்கூட வராது' என்று அதில் பெருமையாக வேறு போட்டிருந்தது. பஸ் வராத ஊர்க்காரர்களிடம் இதை வாசித்துக் காட்டினால் என்ன செய்வார்கள்? அடிக்க வருவார்கள்.

"நீயும் வாம்மா. உனக்குத்தான் அந்தப் பக்கமெல்லாம் தெரியுமே" என்றான்.

எனக்கா! நான் சேலத்துக்காரி. மெரினாவில் இரண்டு தடவை கால் நனைத்ததோடு எனக்கும் கடலுக்கும் உள்ள உறவு முடிந்தது. ஆனால் முப்பது வருஷம் டெல்லியில் 'மதராஸி'யாக இருந்து பாருங்கள்... கொல்லைப்புறத்தில் கடல் வைத்துக்கொண்டு வளர்ந்தவர் மாதிரி உங்களுக்கே ஒரு நினைப்பு வந்துவிடும். கிளம்பிவிட்டேன். என் வீட்டுக்காரர் கெட்டிக்காரர். முதுகுவலி என்று படுத்துக்கொண்டார்.

ஜனவரி மாதம். நாகூரில் காலை ஆறரைக்குப் புறப்பாடு. முன்னால் இரண்டு சைக்கிள். பின்னால் பெட்டி, பிஸ்கட், பேண்டேஜ், நான். வேன் டிரைவர் மரியதாஸ், வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரர். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தம்பிங்க ஏம்மா இந்த ரோட்ல போவுது? மெயின் ரோடு நல்லா இருக்கே?"

"யாரும் போகாத ரோடாத்தான் வேணுமாம்."

"யாரும் போவலன்னா, ஏன் யாரும் போவலன்னு கேக்க வேணாமா?"

இந்த ஒரு கேள்வியை அந்த இன்டர்நெட் மகானுபாவன் கேட்கவில்லை. என் பையனும் கேட்கவில்லை. சரி, நானாவது கேட்டேனா?

வழியில் ஒரு மீன்காரர் பின்னாலிருந்து வந்தார். மடித்துக் கட்டிய லுங்கி, கேரியரில் ஐஸ் பெட்டி, துருப்பிடித்த சைக்கிள். கியரும் இல்லை, குழாயும் இல்லை. "மீனேய்..." என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு இரண்டு பேரையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். மல்ஹோத்ரா நின்று அவரைப் போட்டோ எடுத்தான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காரைக்கால் தாண்டி டீ குடித்தோம். அதற்கப்புறம் உள்ரோடு ரொம்பக் குறுகல், வேன் போகாது என்றார் மரியதாஸ். நாங்கள் மெயின் ரோட்டில் போய்க் கோட்டை வாசலில் காத்திருப்பது, அவர்கள் ஒன்பது மணிக்கு வந்து சேருவது என்று முடிவாயிற்று. "வழியில் போர்டெல்லாம் தமிழில்தானே இருக்கும்?" என்று மல்ஹோத்ராவிடம் இந்தியில் கவலைப்பட்டேன்.

"ஃபிக்கர் மத் கரோ ஆன்ட்டி, கவலையே வேண்டாம்! அரவிந்த் படித்துவிடுவான். வாராவாரம் தமிழ்ப் பத்திரிகையில் நீங்கள் எழுதும் பத்தியையே படிக்கிறானே!" என்றான் மல்ஹோத்ரா.

எனக்குப் பூரிப்பு. அதை மறைப்பானேன்? பதினோரு வருஷமாக ஒவ்வொரு வாரமும் பத்திரிகையை அவன் கையில் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து, "எப்படிடா இருந்தது?" என்று கேட்பேன். "சூப்பர்ம்மா. முடிவு ரொம்ப சூப்பர்" என்பான். இதை நான் சும்மா விட்டேனா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே டெல்லியில் ஒரு தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து முழங்கியிருக்கிறேன். 'டெல்லியில் வளரும் பிள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லை என்றால் அது பெற்றவர்களின் சோம்பேறித்தனம்! என் மகனைப் பாருங்கள்!' என்று. கிட்வாய் நகர்ப் பெண்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

ஒன்பது மணி. கோட்டை இருந்தது, கடல் இருந்தது, பையன்களைக் காணோம். ஒன்பதரை. பத்து. செல்போனில் சிக்னல் இல்லை. பத்தேகால். லாரி எதுவும் வராத ரோடுதான், ஆனால் குளமும் வாய்க்காலும் இல்லையா? "வண்டிய எடுங்க, குறுகலோ என்னவோ, அந்த ரோட்லயே போங்க" என்றேன்.

ஒடித்து ஒடித்துத் திருப்பி, எப்படியோ ஓட்டினார் மரியதாஸ். ரோடு இரண்டாகப் பிரிகிற இடத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் விசாரித்தோம்.

"தலையில சட்டி கவுத்த ரெண்டு பேரா? அந்தாண்ட போனாங்க" என்று கை காட்டினார்.

காட்டிய பக்கம் ஒரு பழைய போர்டு. பெயின்ட் பாதி உதிர்ந்திருந்தது. அம்புக்குறி போட்டு, 'கோட்டகம்' என்று எழுதியிருந்தது.

"கோட்டகம்னா என்ன?" என்று கேட்டேன்.

"பள்ளமான வயக்காடும்மா. மழைத் தண்ணி பூரா அங்கதான் வந்து நிக்கும். அதோட ரோடு முடிஞ்சுபோயிடும்" என்றார் மரியதாஸ்.

முடிந்துதான் போயிருந்தது. தார் முடிந்து, மண் முடிந்து, சேறு தொடங்குகிற இடத்தில் சைக்கிள்கள் இரண்டும் பாதிச் சக்கரம் புதைந்து நின்றன. முழங்கால்வரை சேற்றோடு வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள் இரண்டு வீரர்களும். சுற்றிலும் தண்ணீர், நூறு வாத்து. சாலை அமைதியாக இருந்ததா என்று கேட்காதீர்கள், அப்படி ஒரு அமைதி!

"போர்ட் பே ஃபோர்ட் லிக்கா தா, ஆன்ட்டி!" என்றான் மல்ஹோத்ரா. போர்டில் கோட்டை என்று போட்டிருந்ததாம். அரவிந்த் படித்துச் சொன்னானாம்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. கோ... ட்... ட... அதற்குமேல் படிக்கவில்லை. அதற்குள் 'கோட்டை' என்று முடிவுகட்டி, வலதுபக்கம் திரும்பிவிட்டான்.

"அரவிந்த், அங்க என்ன எழுதியிருந்துச்சு?"

காலில் ஒட்டிய சேற்றைச் சுரண்ட ஆரம்பித்தான்.

"உனக்குப் படிக்கத் தெரியாதா?"

"எழுத்து தெரியும்மா. ஒண்ணொண்ணா கூட்டிப் படிக்கணும். ரொம்ப நேரமாகும்."

"அப்ப என் பத்தி?"

தலை குனிந்துகொண்டது. "படத்தைப் பார்ப்பேன். கடைசி லைனை மட்டும் கூட்டிப் படிப்பேன். நீ ஒவ்வொரு வாரமும் வந்து முகத்தையே பார்த்துக்கிட்டு நிப்பேம்மா... இல்லைன்னு சொல்ல மனசு வரலை."

ஓங்கி அறையலாம் போலக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. வாத்துகளுக்கு முன்னால் அழுவதா என்று அடக்கிக்கொண்டேன். யாரை அறைவது? ஆறு வயதில் அ, ஆ சொல்லிக்கொடுத்துவிட்டு, அப்புறம் ஆபீஸ், பத்தி, கூட்டம் என்று ஓடியவள் யார்? ஒரு நாளாவது கூட உட்கார்ந்து ஒரு பக்கம் அவனை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருப்பேனா? 'எப்படிடா இருந்தது' என்றுதானே கேட்டேன்! எனக்கு வேண்டியது வாசகன்கூட இல்லை, கைதட்டுகிற ஆள்.

கிட்வாய் நகர்ப் பெண்களே, அன்று தலை குனிந்தீர்களே... தயவுசெய்து நிமிர்ந்துவிடுங்கள். இப்போது என் முறை.

மரியதாஸும் வாத்து மேய்க்கிறவரும் சேர்ந்து சைக்கிள்களைச் சேற்றிலிருந்து பிடுங்கினார்கள். சைக்கிள்கள் வேனுக்குள் ஏறின. வீரர்களும் வேனுக்குள் ஏறினார்கள். கோட்டைக்கு மெயின் ரோட்டில், ஹாரன் அடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தோம்.

டெல்லி திரும்பி இரண்டு ஞாயிறு ஆகிவிட்டது. போன ஞாயிறு அவன் இந்தியா கேட் போகவில்லை. பத்திரிகையை எடுத்துக்கொண்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்தான். "நீ பக்கத்துல வராதே" என்று என்னைச் சமையலறைக்குத் துரத்தினான்.

உள்ளே நின்று காது கொடுத்துக் கேட்டேன். முணுமுணுவென்று எழுத்துக் கூட்டுகிற சத்தம். நடுவில் சலித்துக்கொண்டு இந்தியில் ஒரு 'அரே யார்!' மறுபடி முதலிலிருந்து. சாதம் வெந்தது, குழம்பு கொதித்தது, அப்பளம்கூடப் பொரித்தாகிவிட்டது. ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம்.

பத்திரிகையை மடிக்கிற சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். பழக்கதோஷம், கேட்டுவிட்டேன்: "எப்படிடா இருந்தது?"

மடித்த பத்திரிகையை மறுபடி பிரித்தான்.

"தப்பா நினைச்சுக்காதேம்மா... அவ்வளவு ஒண்ணும் நல்லா இல்லையே. ஏன் சும்மா எல்லாரையும் திட்டிக்கிட்டே இருக்கே?"

பதினோரு வருஷத்தில் முதல்தடவையாக என் வீட்டில் ஒருத்தன் என் பத்தியைப் படித்திருக்கிறான்!