அடப்பங்கொடிக் கருவாடு

எங்கள் வீட்டில் எது காய்ந்தாலும் உப்பு போட்டுத்தான் காயும். கோட்டைக்குப்பத்தில் பிறந்த எட்டு வயதுப் பெண்ணுக்கு இதைவிட வேறென்ன வேதியியல் தெரிந்திருக்கும்? அத்தை இன்று பேருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்கிறாள். அந்தத் தைரியத்தில்தான் இதை வெளியே சொல்கிறேன்.

அத்தை நைனாவின் தங்கை. சென்னையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கடலில் கொழகொழவென்று மிதக்கும் சொறிமீன் பட்டு உடம்பு தடித்தால், மணலில் படர்ந்து கிடக்கும் அடப்பங்கொடி இலையை அரைத்துப் பூசுவது எங்கள் ஊர் வழக்கம். எரிச்சல் அடங்கிவிடும். இலைக்குள் இருக்கும் எந்தப் பொருள் அதை அடக்குகிறது, அதைத் தனியாகப் பிரித்து மருந்தாக்க முடியுமா என்பதுதான் அத்தையின் படிப்பு. மாப்பிள்ளை வீட்டார் வேறு காத்திருந்தார்கள். "இந்த வருசம்தான். அதுக்கு மேல அவங்கள நிக்க வெக்க முடியாது" என்று நைனா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஐப்பசியில் அத்தை வந்தாள். பூத்த கொடியாகப் பார்த்து, நாள் முழுக்கக் குனிந்து பறித்து, வீட்டுக்குள் பாயில் பரப்பினாள். பதினைந்து நாள் நிழலிலேயே காய வேண்டும். காவல் நான்.

"வெயில் காட்டாத கண்ணு. தெனம் பெரட்டி உடு, போதும். உன்ன நம்பித்தான் போறன்" என்று சொல்லி பஸ் ஏறினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு வாரம் ஒழுங்காகப் புரட்டினேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது. இலைகளின் அடியில் ஈரம் நசநசத்தது, வெள்ளையாக என்னவோ பூத்த மாதிரியும் இருந்தது. ஐயோ, அழுகிப்போனால் அத்தை என்ன செய்வாள்! மீனையே கெடாமல் காப்பாற்றுகிற வீட்டில் இலையைக் காப்பாற்ற முடியாதா? கல்லுப்பை அள்ளி, இலை இலையாகத் தேய்த்தேன். வெயில் வந்ததும், அம்மா காயவைத்திருந்த காரப்பொடி மீனுக்குப் பக்கத்திலேயே பரப்பிவிட்டுக் குச்சியோடு காக்காய் ஓட்டினேன். "அத்த சொன்னாளா?" என்று அம்மா கேட்டதற்குக் கூசாமல் தலையாட்டினேன். மூன்றே நாளில் எல்லாம் சருகு.

அத்தை வந்து பார்த்தாள். ஓர் இலையை எடுத்து நாக்கில் வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா அத்த, நல்லா காஞ்சிகீதா?"

அத்தை என்னை மடியில் இழுத்துக்கொண்டு, உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். உப்பு தேய்த்துத் தேய்த்துத் தோல் வெடித்திருந்தது.

"எரிஞ்சிதா?"

"எரிஞ்சிது. ஆனா அழல."

தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். "இலை சரியா கீதா?" என்று நைனா கேட்டதற்கு, "நல்லா கீதுண்ணா" என்றாள். கருவாட்டு வாடை வீசிய அந்தச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் போனாள். அத்தையின் மருந்தே என் கையால்தான் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பொங்கலுக்கு அத்தை வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண் பார்த்துவிட்டதாக அம்மா சொன்னாள். அதுவும் அத்தையின் தப்பு என்றே நினைத்தேன். போனில் அவள், "மொதல்லேர்ந்து செய்ய வேண்டியதாப்பூடுச்சி, கோச்சிக்காத கண்ணு" என்றாள்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். "நீ குடுத்த வேலைய நான் மூணு நாள்ல முடிச்சேன். உனக்கு ஒரு வருசம் பத்தலியா?" என்று கேட்டுவிட்டேன்.

அத்தை சிரித்தாள். "உன் அளவுக்கு எனக்கு சாமர்த்தியம் இல்லடி" என்றாள்.

நான் அதை அப்படியே நம்பினேன்.